நாய்க்கு வயது போவதை ஆராய யார் பணம் கொடுப்பது?

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க ஊடகங்களில் ஒரு செய்தி வெளிவந்தது. ஏறக்குறைய 50,000 வீட்டு நாய்களுக்கு எப்படி வயது போகிறது என்று வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து வந்த ஆய்வொன்றுக்கு அரசாங்கம் கொடுத்த பணம் நிற்கப்போகிறது, ஆய்வைத் தொடங்கிய விஞ்ஞானிகள் இனிப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்கப்போகிறார்கள் என்பதே அந்தச் செய்தி.

இதை வாசிக்கும் பலருக்கு முதலில் எழக்கூடிய கேள்வி, “நாய்க்கா இவ்வளவு?” என்பதுதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி வீதியில் இருக்கும் தாய்மாரின் ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்காமல் பின்னர் பார்ப்போம். அதற்கு முன்னர் இந்த ஆய்வு என்ன, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, அது நின்றபோது என்ன நடந்தது என்பவற்றை அறிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நாயைப் பற்றிய இந்தக் கதைக்குள் எங்களுக்கு மிகவும் பழக்கமான இன்னொரு கதையும் இருக்கிறது. நீண்டகாலம் செய்யவேண்டிய ஒரு வேலைக்குக் குறுகிய காலப் பணம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதே அது.

என்ன ஆய்வு இது?

ஆய்வின் பெயர் ‘டோக் ஏஜிங் புரொஜெக்ட்’. நாய்களின் முதுமை பற்றிய திட்டம் என்று சொல்லலாம். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டானியல் புரொமிஸ்லோ, மற் கேபர்லீன் ஆகிய இரு விஞ்ஞானிகளும், ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியரான கேற் கிறீவியும் இதை முன்னின்று நடத்தினார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய முதுமை நிறுவனம் 2018ஆம் ஆண்டில் இதற்குப் பெரிய நிதியொன்றை வழங்கியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நாய்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள்.

நாய்கள் ஆய்வுகூடக் கூண்டுகளில் வளர்க்கப்படவில்லை. அவை தங்கள் தங்கள் வீடுகளிலேயே இருந்தன. வளர்ப்பவர் இணையத்தில் நீண்ட வினாக்கொத்தொன்றை நிரப்புவார். நாய் என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு ஓடுகிறது, எங்கே படுக்கிறது, என்ன தண்ணீர் குடிக்கிறது, வீட்டில் எத்தனை பேர், என்ன வருத்தம் வந்தது என்பவையெல்லாம் அதில் இருக்கும். அடுத்த வருடமும் அதே கேள்விகள், அதற்கடுத்த வருடமும் அதே கேள்விகள். பதிவுசெய்த நாய்களில் ஒரு பகுதியின் உமிழ்நீரை எடுத்து மரபணுவைப் படித்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் நாய்களிடம் மட்டும் ஒவ்வொரு வருடமும் இரத்தம், சிறுநீர், மலம், உரோமம் ஆகியவற்றை எடுத்து, கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் உள்ள மாதிரிக் களஞ்சியத்தில் உறையவைத்தார்கள். பெயர், முகவரி போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டு, திரட்டிய தரவுகளை உலகின் வேறு ஆய்வாளர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள்.

ஏன் நாய்?

முதுமை பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை புழு, பழ ஈ, எலி ஆகியவற்றில்தான் நடக்கின்றன. ஆய்வுகூட எலி ஒரே உணவைத் தின்று, ஒரே வெப்பநிலையில், தொற்று எதுவும் அண்டாத பெட்டிக்குள் வாழ்ந்து முடிக்கிறது. மனித வாழ்க்கை அப்படியானது அல்ல.

நாய் எங்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. நாங்கள் சுவாசிக்கும் அடுப்புப் புகையை அதுவும் சுவாசிக்கிறது. நாங்கள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரை அதுவும் குடிக்கிறது. வயது போகும்போது அதற்கு வரும் வருத்தங்களும் எங்களுக்கு வருபவைதான்: புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதய வருத்தம், மூட்டு நோவு, கண் புரை, ஞாபகத் தடுமாற்றம். வசதியுள்ள நாடுகளில் நாய்களுக்கும் வைத்தியர், பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் இருப்பதால் இந்த வருத்தங்கள் பதிவிலும் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாயின் ஆயுள் குறுகியது. மனிதருக்கு 70, 80 வருடங்களில் நடப்பது நாய்க்கு 10, 15 வருடங்களில் நடந்து முடிகிறது. ஒரு விஞ்ஞானி தன் வேலைக்காலத்துக்குள்ளேயே ஒரு தலைமுறை முழுவதும் குட்டியாய்ப் பிறந்து, முதிர்ந்து, இறப்பதைப் பார்க்கலாம். மனிதர்களில் அதைப் பார்க்க அவருக்கு ஒரு வாழ்நாள் போதாது.

முதல் விடைகளும் அவற்றின் எல்லையும்

ஆரம்ப வருடங்களிலேயே சில சுவாரசியமான முடிவுகள் வந்தன. 2022இல் வெளியான ஒரு கட்டுரை 24,238 நாய்களின் விபரங்களை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் உணவு கொடுக்கப்படும் நாய்களுக்குப் பல், குடல், சிறுநீரகம், ஈரல் சம்பந்தமான வருத்தங்கள் குறைவாக இருப்பதாக அதில் தெரிந்தது. அதே வருடம் வெளியான இன்னொரு கட்டுரை 15,019 நாய்களைப் பார்த்தது. வயது போன நாய்களுக்கு வரும் அறிவுத் தடுமாற்றம், நன்றாக ஓடியாடும் நாய்களோடு ஒப்பிடும்போது அசையாமல் கிடக்கும் நாய்களுக்கு இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஆறரை மடங்கு அதிகம் என்று அது கூறியது.

இதை வாசித்தவுடன், “சரி, இனி நாய்க்கு ஒருநேரச் சாப்பாடுதான்” என்று முடிவெடுக்கக் கூடாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஒருமுறை உண்பதால் நாய் சுகமாக இருக்கிறதா, அல்லது வருத்தக்கார நாய்க்கு மருந்தோடு சேர்த்து இரண்டு மூன்று தடவை உணவு கொடுக்கிறார்களா? ஓடாததால் அறிவு மங்கியதா, அல்லது அறிவு மங்கியதால் ஓடுவதை நிறுத்தியதா? ஒரே தடவை எடுத்த கணக்கில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கு ஒரே வழி, அதே நாய்களை வருடக்கணக்காகப் பின்தொடர்வதுதான். இன்று சுகமாக இருக்கும் நாய்களில் எவை ஐந்து வருடங்களுக்குப் பின்னர் தடுமாறுகின்றன என்று பார்த்தால் மட்டுமே காரணம் எது, விளைவு எது என்று பிரிக்கத் தொடங்கலாம்.

இந்த இடத்தில்தான் பணத்தின் பிரச்சினை வருகிறது. முதல் வருடக் கணக்கெடுப்பைவிட ஏழாவது வருடக் கணக்கெடுப்புக்கே பெறுமதி அதிகம். ஆனால் புதிதாகத் தொடங்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் கவனமும் காசும் ஏழாவது வருடத்தில் கிடைப்பதில்லை.

பணம் நின்றபோது

2018 முதல் 2023 வரை தேசிய முதுமை நிறுவனம் கொடுத்த தொகை 28 மில்லியன் டொலருக்கும் அதிகம். திட்டத்தின் மொத்தச் செலவில் அது ஏறக்குறைய 90 சதவீதம். அதாவது ஒரே தூணில் நின்ற வீடு. அந்த நிதி பெரும்பாலும் புதுப்பிக்கப்படாது என்று ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தபோது தாங்குவதற்கு வேறு தூண் இருக்கவில்லை.

அவர்கள் ‘டோக் ஏஜிங் இன்ஸ்ரிரியூட்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பொன்றை உருவாக்கி நன்கொடை திரட்டப் புறப்பட்டார்கள். ஆய்வை நிறுத்த வேண்டாம் என்று கேட்கும் மனுவொன்றும் சுற்றுக்கு வந்தது. பின்னர் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திட்டத்தின் ஒரு பகுதிக்கு மட்டும், அதாவது கீழே சொல்லப்போகும் மருந்துப் பரிசோதனைக்கு, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களிடமிருந்து 7 மில்லியன் டொலர் கிடைத்தது.

பணம் ஒரு வருடம் தாமதித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். வீதி போடும் வேலை ஒரு வருடம் நின்றால் அடுத்த வருடம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாயின் முதுமை அப்படிக் காத்திருக்காது. 2019இல் ஏழு வயதில் பதிவுசெய்யப்பட்ட நாய்க்கு 2024இல் பன்னிரண்டு வயது. அந்த வருடம் எடுக்காமல் விட்ட இரத்தத்தை 2026இல் எடுக்க முடியாது. நாயே உயிரோடு இருக்காது. வளர்ப்பவர்களும் அப்படித்தான். வருடா வருடம் வினாக்கொத்து வந்தவரைக்கும் நிரப்பியவர்கள், ஒரு வருடம் கடிதமே வராவிட்டால் மறந்துவிடுவார்கள். அறுந்த நூலை முடியலாம், முடிச்சு எப்போதும் தெரியும்.

விற்பதற்கு ஆளில்லாத மருந்து

இந்தத் திட்டத்துக்குள் ‘ரயாட்’ என்ற மருந்துப் பரிசோதனையொன்று நடக்கிறது. ரபமைசின் என்ற மருந்து நாயின் ஆயுளைக் கூட்டுமா என்பதே கேள்வி. ஏழு வயதுக்கு மேற்பட்ட, உருவத்தில் பெரிய 580 நாய்களைச் சேர்த்து, ஒரு பகுதிக்கு உண்மையான மருந்தும் மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுப்பது திட்டம். எந்த நாய்க்கு எது கொடுக்கப்படுகிறது என்பது வளர்ப்பவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. தெரிந்தால், “என் நாய் இப்போது நன்றாக ஓடுகிறது” என்று மனம் சொல்லிவிடும்.

ரபமைசினின் வரலாறே பணம் நின்றுபோன ஒரு கதைதான். 1964இல் கனடிய மருத்துவக் குழுவொன்று பசுபிக் சமுத்திரத்தில் உள்ள ஈஸ்டர் தீவிலிருந்து மண் மாதிரிகளை எடுத்துவந்தது. அந்தத் தீவை அங்குள்ள மக்கள் ராப்பா நூயி என்று அழைப்பார்கள்; மருந்தின் பெயர் அதிலிருந்து வந்தது. மொன்றியலில் இருந்த ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல் என்ற விஞ்ஞானி அந்த மண்ணில் இருந்த பக்ரீரியாவிலிருந்து இந்தப் பதார்த்தத்தைப் பிரித்தெடுத்தார். 1980களின் தொடக்கத்தில் கம்பனி அந்த ஆய்வுகூடத்தை மூடியது. வேலை கைவிடப்பட்டது. சேகல் பக்ரீரியாவின் ஒரு பகுதியைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்துப் பாதுகாத்தார். பின்னர் நிர்வாகம் மாறியபோது அதை வெளியில் எடுத்து மீண்டும் தொடங்கினார். 1999இல், மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தாக அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. இன்று உலகெங்கும் சிறுநீரக நோயாளிகள் பயன்படுத்தும் ஒரு மருந்து, சில வருடங்கள் ஒரு தனிமனிதரின் வீட்டு உறைபெட்டியில் உயிர்பிழைத்திருந்தது.

2009இல் அதே மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டுவதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. எலிகளுக்கு 600 நாட்கள் ஆனபின்னர், அதாவது மனித வயதில் அறுபதைத் தொட்ட பருவத்தில், மருந்தைத் தொடங்கியும் பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் கூடியிருந்தது. 2017இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் 24 நாய்களுக்குப் பத்து வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது பாரதூரமான பக்க விளைவுகள் தெரியவில்லை. இதயத்தின் இயக்கத்தில் சிறிய முன்னேற்றத்துக்கான அறிகுறிகளும் இருந்தன. பத்து வாரங்களில் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் 580 நாய்கள், பல வருடங்கள் என்ற பெரிய பரிசோதனை தேவைப்படுகிறது.

இதை ஏன் ஒரு மருந்துக் கம்பனி செய்யவில்லை? ரபமைசினின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. எந்தக் கம்பனியும் அதைத் தயாரித்து மலிவாக விற்கலாம். மில்லியன் கணக்கில் செலவழித்து, “ஆம், இது வேலை செய்கிறது” என்று ஒருவர் நிரூபித்தால், அதன் இலாபம் பக்கத்துக் கடைக்காரருக்கும் போகும். ஆகவே வணிகர் எவரும் அந்தச் செலவை ஏற்கமாட்டார். மலிவான மருந்து வேலை செய்கிறதா என்று கண்டறிய அரசாங்கப் பணம் வேண்டும், அல்லது தர்மப் பணம் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சன்பிரான்சிஸ்கோவில் உள்ள ‘லோயல்’ என்ற தனியார் கம்பனி நாய்களின் ஆயுளைக் கூட்டும் சொந்த மருந்துகளை உருவாக்கி வருகிறது. முதலீட்டாளர்களிடமிருந்து அது திரட்டிய தொகை 100 மில்லியன் டொலருக்கும் அதிகம். அதன் மருந்துகளில் ஒன்றுக்கு 2023 நவம்பரிலும், வயது போன நாய்களுக்கான குளிசைக்கு 2025 பெப்ரவரியிலும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் “பயனளிக்கும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் உண்டு” என்று முதற்கட்ட ஒப்புதல் அளித்தது. மருந்து சந்தைக்குப் போவதற்கான படிகளில் அதுவும் ஒன்று. அதுவே முழு அனுமதி ஆகாது. கம்பனி கெட்டது என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை; அந்த ஆய்விலிருந்தும் நல்லது வரலாம். ஆனால் விற்கக்கூடிய விடைக்கு எவ்வளவு வேகமாகப் பணம் சேர்கிறது, விற்க முடியாத விடை எப்படிக் கையேந்தி நிற்கிறது என்பது இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

தர்மப் பணம் என்ன செய்யும், என்ன செய்யாது

நன்கொடையால் நீண்ட ஆய்வை நடத்தவே முடியாது என்றில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் உள்ள மொறிஸ் அனிமல் பவுண்டேஷன் 1948இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய மார்க் மொறிஸ் ஒரு மிருக வைத்தியர். பார்வையற்ற ஒருவரின் வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரகம் பழுதடைந்தபோது அதற்கென்று தனியான உணவொன்றைத் தயாரித்தார். பின்னர் ஒரு கம்பனி அதைத் தகரத்தில் அடைத்து விற்றது. அந்த விற்பனையில் தனக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு அவர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளை 2012 முதல் 2015 வரை 3,044 கோல்டன் றிற்றீவர் நாய்களைப் பதிவுசெய்து, அவற்றின் வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. அந்த இன நாய்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருவதற்கான காரணத்தைத் தேடுவது அதன் முக்கிய நோக்கம்.

பிரித்தானியாவில் ‘டோக்ஸ் ட்ரஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரையொன்று 584,734 நாய்களின் பதிவுகளைத் திரட்டியது. நாய்களில் பாதி 12.5 வயதுக்கு முன்னரும் பாதி அதற்குப் பின்னரும் இறப்பதாக அவர்கள் கணித்தார்கள். நீண்ட மூக்குள்ள சிறிய பெண் நாய்களுக்கு அந்த வயது 13.3. சப்பை முகமுள்ள நடுத்தர உருவ ஆண் நாய்களுக்கு 9.1. அழகுக்காகச் சப்பை மூக்கோடு இனப்பெருக்கம் செய்வதற்கு நாய் தன் ஆயுளால் விலை கொடுக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் வலுச் சேர்க்கின்றன. நாய் விற்பவர்கள் பணம் போட்டுச் செய்யக்கூடிய ஆய்வு அல்ல இது.

ஆனால் தர்மப் பணத்துக்கும் அதன் விருப்பு வெறுப்புகள் உண்டு. கோல்டன் றிற்றீவர் நாயை நேசிப்பவர்கள் கோல்டன் றிற்றீவருக்குக் கொடுப்பார்கள். புற்றுநோயில் நாயை இழந்தவர் புற்றுநோய் ஆய்வுக்குக் கொடுப்பார். வினாக்கொத்து அனுப்பும் செலவு, தரவுகளைச் சேமிக்கும் கணினியின் செலவு, உறைபெட்டிக்கான மின்கட்டணம் ஆகியவற்றுக்குக் கொடுக்கிறேன் என்று மனமுருகி முன்வருபவர் குறைவு. தொடர் ஆய்வை உயிரோடு வைத்திருப்பவை அந்தச் செலவுகள்தான்.

இன்னொரு குறையும் உண்டு. விரும்பிச் சேர்ந்தவர்களின் நாய்கள்தான் இந்த ஆய்வுகளில் இருக்கின்றன. இணைய வசதி, நேரம், வைத்தியரிடம் கொண்டுபோகப் பணம் உள்ளவர்களின் நாய்கள். தெருவில் பிறந்து தெருவில் இறக்கும் நாயைப் பற்றி அவை சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம்.

“நாய்க்கா இவ்வளவு?”

தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு இப்போது வருவோம். அதற்கு ஒரு பதில், இது மனித ஆய்வும்தான் என்பது. அமெரிக்க அரசாங்கம் பணம் கொடுத்ததும் மனித முதுமையை விளங்கிக்கொள்ளும் நிறுவனத்தின் ஊடாகவே. ஞாபகம் மங்குவது, இதயம் தளர்வது பற்றி நாயிடம் கற்பது ஒருநாள் எங்கள் அம்மம்மாக்களுக்கு உதவலாம்.

இன்னொரு பதில் இதே திட்டத்தில் இருந்து 2023இல் வந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. 21,410 நாய்களின் விபரங்களை வைத்து, அவை வாழும் வீட்டின் நிலைமை உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தார்கள். பணக் கஷ்டமும் குடும்பத்தில் குழப்பமும் உள்ள வீடுகளில் நாய்களின் உடல்நலம் குறைந்திருந்தது. வேறு நாய்களோ மிருகங்களோ துணைக்கு இருந்த இடங்களில் நலம் கூடியிருந்தது. துணையின் தாக்கம் பணத்தின் தாக்கத்தைவிட ஐந்து மடங்கு வலுவாகத் தெரிந்தது. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். வசதியான வீட்டு நாய்களுக்கு அதிக வருத்தங்கள் பதிவாகியிருந்தன. அவை அதிகம் வருந்தியதால் அல்ல, அடிக்கடி வைத்தியரிடம் கொண்டுபோகப்பட்டதால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வைத்தியரைக் காணாதவனின் வருத்தம் கணக்கில் வராது. இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வீட்டின் துயரம் அந்த வீட்டில் உள்ள மிருகத்தின் உடம்பிலும் இறங்குகிறது என்பதை ஓர் ஆய்வு எண்களில் சொல்கிறது. இடம்பெயர்ந்தபோது நாயைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டு வந்தவர்களும், திரும்பிப் போனபோது படலையடியில் அது இல்லாததைக் கண்டவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். மனிதர்களை இழந்தவர்கள் முன்னால் அதைப் பெரிதாகச் சொல்ல அவர்கள் கூச்சப்பட்டார்கள். நாயின் நலனைப் பற்றிக் கவலைப்படுவது மனிதரின் பங்கில் இருந்து எடுத்துக் கொடுப்பது என்ற எண்ணம் எப்போதும் சரியானதல்ல. அமெரிக்காவில் ஒருவர் தன் நாய்க்காகக் கொடுக்கும் பத்து டொலர், நாய் இல்லாவிட்டால் முல்லைத்தீவுக்கு வந்திருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

ஆனாலும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. எந்தத் துயரம் கொடையாளியின் கண்ணில் படுகிறதோ அதற்கே பணம் போகிறது. வளர்ப்பு நாயின் முகம் அவர்களின் வீட்டிலேயே இருக்கிறது; எங்கள் முகம் இல்லை. அது ஆய்வாளர்களின் குற்றமல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் முக்கியமான தேவைகளைத் தர்மத்தை மட்டும் நம்பி விட்டுவிட்டால், கண்ணில் படாதவர்கள் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்கள்.

எங்களுக்குத் தெரிந்த கதை

யுத்தத்துக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் வந்துபோன திட்டங்களை நினைத்துப் பாருங்கள். காலை இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் கொடுத்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. அது தேயும், உடைந்துபோகும், உடம்பின் அளவு மாறும். வாழ்நாள் முழுவதும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். உளவளத்துணையும் அப்படித்தான். ஒருவர் வாய் திறந்து பேசவே இரண்டு வருடங்கள் எடுக்கும். திட்டத்தின் ஆயுளோ இரண்டு அல்லது மூன்று வருடங்கள். அவர் பேசத் தொடங்கும் நேரத்தில் அலுவலகத்தின் பெயர்ப்பலகை கழற்றப்பட்டிருக்கும். சேகரித்த விபரங்கள், நிரப்பிய படிவங்கள் எங்கே போயின என்று கேட்க ஆளிருக்காது.

நாய்களின் ஆய்வில் நடந்ததும் அடிப்படையில் இதுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே திரட்டிய தரவுகள் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன, மாதிரிகள் ஒரு பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் இருக்கின்றன. நிதி நின்றாலும் அதுவரை கற்றது எவருக்கும் கிடைக்கும். எங்களைப் பற்றித் திரட்டியவற்றுக்கு அந்தப் பாதுகாப்புப் பெரும்பாலும் இருக்கவில்லை.

எனவே, புலம்பெயர் நாட்டில் உள்ள உறவினர் நாய் ஆய்வொன்றுக்குப் பணம் கொடுக்க யோசித்தாலும் சரி, எங்கள் ஊருக்கு ஒரு புதிய திட்டம் வந்தாலும் சரி, கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றுதான். வேலைக்கு எவ்வளவு காலம் தேவை, பணம் எவ்வளவு காலத்துக்கு இருக்கிறது? ஒருவர் மட்டும் கொடுக்கிறாரா, பலர் கொடுக்கிறார்களா? கொடுப்பவருக்கு விற்பதற்கு ஏதாவது இருக்கிறதா? பணம் நின்றால், அதுவரை திரட்டியது யாரிடம் போகும்?

ரபமைசின் பரிசோதனையின் முடிவு வருவதற்கு இன்னும் வருடங்கள் எடுக்கும். மருந்து வேலை செய்யாது என்றும் தெரியவரலாம். அதுவும் ஒரு விடைதான், அதற்கும் அதே செலவுதான். அதுவரை யாராவது அந்த நாய்களின் இரத்தத்தை எடுக்க வேண்டும், படிவத்தை அனுப்ப வேண்டும், உறைபெட்டியின் மின்சாரக் கட்டணத்தைக் கட்டவேண்டும்.